லூபின் பூக்கும் மணல்மேடுகள்: பாயின்ட் ரேய்ஸுக்கு ஒரு பகல் பயணம்

ஏப்ரல் முதல் ஜூன் வரை சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகிறீர்களா? ஒரு பகலை ஒதுக்கி, வடக்கே பாயின்ட் ரேய்ஸ் தேசியக் கடற்கரைக்குப் போய் வாருங்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த டைட்ஸ்ட்ராம் லூபின் என்ற காட்டுச்செடி அப்போதுதான் பூக்கும். கலிபோர்னியாவில் சோனோமா, மரின், மான்டரே கவுண்டிகளின் கடலோர மணலைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. அழியும் ஆபத்திலுள்ள இனமாக 1992-இல் அமெரிக்க அரசு இதை அறிவித்தது.

போகும் வழி

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டிக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பியர்ஸ் பாயின்ட் சாலையில் ஆபட்ஸ் லகூன் நிறுத்தத்தில் இறங்கி, ஒன்றரை மைல் நடந்தால் கடல். நுழைவுக் கட்டணம் கிடையாது. தண்ணீர், சாப்பாடு எல்லாம் பாயின்ட் ரேய்ஸ் ஸ்டேஷன் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கோடையிலும் மூடுபனியும் குளிர்காற்றும் வாட்டும், ஸ்வெட்டர் அவசியம்.

என்ன பார்க்கலாம்?

பாதையோரம் மஞ்சள் பூங்கதிர்களோடு உயர்ந்து நிற்பது புதர் லூபின். அதனருகே சற்று நில்லுங்கள். பம்பிள் தேனீ வந்து உட்கார்ந்ததும் கீழிதழ்கள் தாழும். முனையிலிருந்து மகரந்தம் பிதுங்கித் தேனீயின் வயிற்றில் ஒட்டும்.

டைட்ஸ்ட்ராம் லூபினைத் தேடக் குனிந்து பார்க்க வேண்டும். மணலோடு ஒட்டிப் படரும் செடி அது. விரித்த கைவிரல்கள் போன்ற இலைகளில் வெள்ளி மயிர். பூக்கள் நீலமும் ஊதாவும். வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை உரமாக்கித் தருவதால் சத்தில்லாத மணலிலும் பிழைக்கிறது.

பகையான புல்

மணல் பறக்காமலிருக்க ஐரோப்பியப் புல் ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். அது மேடுகளை மூடிக்கொண்டது. புல்லுக்குள் பதுங்கும் சுண்டெலிகள் லூபின் விதைகளைத் தின்றுவிடுகின்றன. அதனால் பூங்கா நிர்வாகம் புல்லை அகற்றிவருகிறது. பச்சையில்லாத மணலைக் கண்டு பாழ்நிலம் என்று நினைக்காதீர்கள்; லூபினுக்காக மீட்ட இடம் அது.

மறக்க வேண்டாம்

பாதையிலும் அலை நனைத்த மணலிலும் மட்டும் நடங்கள். மேடுகளில் ஏறினால் படர்ந்த செடி மிதிபடும். உப்புக்கொத்திப் பறவைகளின் முட்டையும் உடையும். பூவோ காயோ பறிக்கக் கூடாது. விதை நச்சு, குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். நாய்க்கு அனுமதியில்லை. பைனாகுலர் கொண்டுபோனால் பாதையில் நின்றபடியே பூக்களைப் பார்க்கலாம். படமெடுக்கக் காலையிலேயே போங்கள். பிற்பகல் காற்றில் பூக்கள் ஆடிக்கொண்டே இருக்கும்.