சேவல் திடீரெனச் சுருண்டு விட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?



நேற்று சாயங்காலம் வரை குப்பைமேட்டில் ஏறிக் கூவின சேவல், இன்று காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் வெளியே வராது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி நிற்கும். கம்பு போட்டாலும் கொத்தாது. நம் ஊரில் இதற்கு ஒரே பேர்தான், "சீக்கு வந்துருச்சு". அது குலசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலாக இருந்தால் வீடே கலங்கிப் போகும். பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. மருந்துக் கடையில் காப்ஸ்யூல் வாங்கி உடைத்து வாயில் போடுவார்கள். இல்லையென்றால் "சாகறதுக்குள்ள அறுத்துடு" என்பார்கள். இரண்டுமே அவசரப்பட்டுச் செய்வது. சீக்கு என்பது ஒன்று இல்லை, பல உண்டு. சிலதைக் காப்பாற்றலாம். ஒன்று வந்தால் தெருவே காலியாகிவிடும். எது என்று ஓரளவு நாமே பார்க்க முடியும்.

முதல் வேலை, அதைத் தனியாகப் பிரிப்பது. வேறு பஞ்சாரத்தில் போட்டு, மற்ற கோழிகள் மேயாத பக்கம், நிழலில், அடியில் சாக்கு விரித்து வைக்கணும். தண்ணிச் சட்டியும் தனி. நல்ல கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகுதான் சீக்குச் சேவல்கிட்ட போகணும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். தொட்டுப் பார்த்து "உடம்பு சுடுது, காய்ச்சல்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோழிக்கு இயல்பாகவே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் உடம்புச் சூடு. நமக்கு 37 தான். அதனால் நல்ல கோழியும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும்.

அடுத்து எச்சம். சிரிக்காதீர்கள், டாக்டரும் முதலில் இதைத்தான் கேட்பார். கோழிக்கு மூத்திரம் தனியாக வராது, எல்லாம் ஒரே வழிதான். எச்சத்தின் மேலே வெள்ளையாக இருப்பது மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம். ஆகவே பழுப்பு நிறத்தில் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருந்தால் நல்ல எச்சம். ஒரு நாளைக்கு ஓரிரு தடவை சாக்லேட் மாதிரி பிசுபிசுவென்று நாற்றமாக வரும், அதற்கும் பயப்பட வேண்டாம். தீனியே எடுக்காத கோழிக்குப் பித்தநீர் மட்டும் இறங்கி எச்சம் பச்சையாகப் போகும். அதனால் பச்சையைப் பார்த்ததும் முடிவு கட்டக்கூடாது. இரத்தம் கலந்து வந்தால் அது இரத்தக் கழிச்சல், பெரும்பாலும் குஞ்சுகளுக்கு வரும். அதற்கு மருந்து இருக்கிறது. வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணி மாதிரி பீய்ச்சி அடித்து, கூடவே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்தான் நாம் உஷாராக வேண்டும்.

(மத்தியான வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது வேறு. கோழிக்கு வேர்க்காது, அப்படித்தான் சூட்டைத் தணிக்கும். நிழலும் தண்ணியும் கிடைத்தால் சரியாகிவிடும்.)

கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு முன்னால் தீனிப்பை இருக்கிறது. சாயங்காலம் அது நிறைந்து இருக்கும், விடியும்போது காலியாக இருக்கணும். காலையிலும் கல் மாதிரி கெட்டியாகவோ, தண்ணிப் பை மாதிரி தளதளவென்றோ இருந்தால் தீனி அடைத்திருக்கிறது. நீளப் புல், நார், பிளாஸ்டிக் துண்டு இப்படி எதையாவது விழுங்கியிருக்கும். சிலர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். அது மூச்சுக்குழாயில் போய் அங்கேயே செத்துவிடலாம். டாக்டரிடம் கொண்டுபோனால் பிழைக்கக்கூடிய சீக்கு இது. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மரு மாதிரி பொருக்கு இருந்தால் அம்மை. கொசு மூலமாகப் பரவும்.

இனி அந்த ஒன்றுக்கு வருவோம். வெள்ளைக் கழிச்சல், கோழிக் கழிச்சல் என்று நாம் சொல்வது ராணிக்கெட் நோய். 1926இல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் கண்டதால் உலகம் முழுக்க அதற்கு நியூகாசில் நோய் என்று பேர். நம் நாட்டில் இமயமலைப் பக்கம் ராணிகேத் என்ற ஊரில் கண்டதால் இங்கே இந்தப் பேர். இது வைரஸால் வருவது. எச்சம், எச்சில், மூச்சு, தண்ணிச் சட்டி, நம் செருப்பு வரைக்கும் எல்லாவற்றிலும் ஒட்டிப் பரவும். கடைசியில் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். காப்ஸ்யூல் ஆன்டிபயாடிக், அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. அப்பத்தா அரைத்துக் கொடுக்கும் சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி உருண்டையைக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை நம்பி மற்ற கோழிகளோடு சேர்த்து விட்டுவிடக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு கோழி தூங்கி விழுந்ததும் அறுத்து, இறகையும் குடலையும் வாய்க்காலில் போட்டார்கள். காக்காயும் நாயும் இழுத்துக்கொண்டு போயின. பத்து நாளில் ஆறு வீட்டுப் பஞ்சாரம் காலி. அதில் ஒரு அத்தை முட்டை விற்றுத்தான் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சீக்குக் கோழியைச் சந்தையில் தள்ளிவிடுவதும் இதே கதைதான், வாங்கிப் போகிறவர் ஊருக்கும் நோய் போகும். பெரியவர்களிடம் இதைச் சொன்னால் "நீ சின்னப் புள்ள, சும்மா இரு" என்பார்கள். இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். செத்த கோழியைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். ஒரே நாளில் பல கோழி செத்து, கொண்டை நீலம் பாய்ந்து, தலை வீங்கியிருந்தால் பறவைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். அப்போது கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லணும்.

டாக்டர் பார்க்கும் வரை சேவலுக்கு என்ன கொடுப்பது? தண்ணிதான் முக்கியம். வாயைப் பிளந்து ஊற்றினால் புரை ஏறும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானாக விழுங்கும். தண்ணியில் கொஞ்சம் சர்க்கரையும் ஒரு துளி உப்பும் போடலாம். தின்றால் குருணைக் கஞ்சி கொடுக்கலாம். திணிக்க வேண்டாம்.

ராணிக்கெட்டுக்கு வந்தபின் மருந்து இல்லை, வருமுன் தடுப்பூசிதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையின் அடியில் தோலுக்குள் ஊசி. கோடை வருவதற்கு முன்னால், பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறையினர் இலவச முகாம் போடுவார்கள். நல்லா இருக்கிற கோழிக்குத்தான் போடணும். சீக்குக் கோழியைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது. ஒரு வாரம் முன்னாடியே குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும். அந்த மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவருவார்கள். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். ஆகவே முகாம் அன்று விடியும்முன்பே பஞ்சாரத்தைத் திறக்காமல் வையுங்கள், திறந்துவிட்டால் சேவலைப் பிடிக்கவே மத்தியானம் ஆகிவிடும்.

- 9ஆம் வகுப்பு மாணவி