அந்தோணியாரின் இடுப்புக் கயிறு

கேள்வி: அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் போகிறேன். பழுப்பு அங்கி, முடிச்சுப் போட்ட கயிறு என்று சுரூபம் இருக்கிறதே, அந்தத் துறவற சபையை உண்டாக்கியவர் அவர்தானா?
- வாசகர், யானைக்கவுனி

பதில்: இல்லை. அந்தோணியார் 1220-ல் அதில் சேர்ந்தவர். உண்டாக்கியவர் இத்தாலியின் அசிசி ஊர் பிரான்சிஸ். சவேரியார் பெயரும் பிரான்சிஸ்தான். ஆனால் அவர் முந்நூறு ஆண்டுக்கு மேல் பிந்தியவர், இயேசு சபைக்காரர்.

அசிசியாரின் அப்பா ஜவுளி வியாபாரி. உங்கள் சவுகார்பேட்டையில் கடை போட்டிருக்கக்கூடிய ஆள். மகனோ பகட்டாக உடுத்தி, தாராளமாகச் செலவழித்தவர். 1202-ல் பெருஜியா நகரோடு நடந்த சண்டையில் பிடிபட்டு, ஏறக்குறைய ஓராண்டு சிறையில் கிடந்து மீண்டார். பிறகு மனம் மாறியது. இடிந்துகிடந்த சான் தமியானோ கோயிலைச் செப்பனிட அப்பாவின் துணியை எடுத்து விற்றார். விவகாரம் ஆயரிடம் போனது. அங்கே பணத்தோடு, உடுத்தியிருந்த துணியையும் கழற்றி அப்பாவிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பின் முரட்டு அங்கிதான். தோல்வாருக்குப் பதில் கயிறு. அதன் மூன்று முடிச்சுகளும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடுகளைக் குறிக்கின்றன. அங்கி முதலில் சாம்பல் நிறம். பழுப்பு பிற்கால வழக்கம்.

1209-ல் அவரது சபைக்குப் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் வாய்மொழியாக அனுமதி தந்தார். சபை ஒழுங்கு 1223-ல் எழுத்தில் உறுதியானது. பழைய துறவிகள் நிலபுலன் உள்ள மடங்களில் தங்கி ஜெபித்தார்கள். பிரான்சிஸின் சபையினரோ காசைத் தொடாமல், உழைத்தோ இரந்தோ உண்டு, தெருத்தெருவாகப் பிரசங்கித்தார்கள். 1219-ல், சிலுவைப்போருக்கு நடுவே, எகிப்து சுல்தான் அல்-காமிலை பிரான்சிஸ் நேரிலேயே போய்ச் சந்தித்தார். 1226 அக்டோபர் 3-ல் இறந்தார். இரண்டே ஆண்டில் புனிதர் பட்டம்.

ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்காத இந்தச் சபை கப்பலேறித் துறைமுகங்களுக்கும் வந்தது. அதன் கிளையான கப்புச்சின் சபையின் பிரெஞ்சுத் துறவி எப்ரேம், பர்மாவின் பெகுவுக்குப் போகும் வழியில் 1642-ல் சென்னைக்கு வந்தார். ஆங்கிலேயர் கேட்டுக்கொள்ளவே இங்கேயே தங்கினார். நீங்கள் போகும் கோயிலும் கப்புச்சின்கள் வழி வந்ததுதான். அந்தோணியார் கோயில் என்று ஊர் அழைத்தாலும் அது சம்மனசுகளின் மாதாவுக்கு நேர்ந்த கோயில். அசிசிக்கு அருகே, பிரான்சிஸ் தம் சபைக்குத் தாய்வீடாகக் கொண்ட சிற்றாலயமும் அதே மாதாவுடையதே.