கண் வெள்ளையில் கருநிறம்



கண்ணின் வெள்ளையில் கபிலமாகவோ கருநீலமாகவோ ஒரு திட்டுத் தோன்றினால், பித்தம் என்பார் சிலர். கண்ணேறு என்று ஓதிப் பார்க்கச் சொல்வார் சிலர். இத்தகைய திட்டுகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் முப்பது வயதுக்கு மேல், இரு கண்களிலும், கருவிழியின் இரு பக்கங்களிலும் இந்நிறம் படியுமானால், அது அல்காப்டனூரியா என்னும் அபூர்வமான பரம்பரை வியாதியின் அடையாளமாக இருக்கக்கூடும்.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? இறைச்சி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதத்தை உடல் படிப்படியாக உடைத்துச் செலவிடுகிறது. அதில் ஒரு படியில் ஹோமோஜென்டிசிக் அமிலம் உண்டாகிறது. அதனை மாற்றி அடுத்த படிக்கு அனுப்ப ஓர் என்ஸைம் உண்டு. இவ்வியாதிக்காரரிடம் அது வேலை செய்வதில்லை. மூட்டை இறக்கும் ஆள் வராத நாளில் கடை வாசலில் சரக்குத் தேங்குவதுபோல, அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். எஞ்சியது, நறுக்கிய வாழைப்பூ காற்றுப் பட்டுக் கறுப்பதுபோல மெல்லக் கறுத்து, கண் வெள்ளையிலும் காதுமடலிலும் மூட்டுகளின் குருத்தெலும்பிலும் படிகிறது.

பார்வைக்கு இதனால் பொதுவாகக் கெடுதியில்லை. துன்பமெல்லாம் மூட்டுகளில்தான். குருத்தெலும்பு கறுத்து நொறுங்குவதால் முதுகும் முழங்காலும் இடுப்பும் நடுத்தர வயதிலேயே தேய்கின்றன. சிலருக்கு இருதய வால்வும் பழுதாகிறது. கண்ணில் நிறம் தெரியும் முன்பே, குழந்தைப் பருவத்தில் வேறோர் அடையாளம் உண்டு: சிறுநீர் பட்ட துணி நேரம் செல்லச் செல்லக் கறுக்கும். தாய்மார்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

1902-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டாக்டர் ஆர்ச்சிபால்டு காரட், இவ்வியாதிக்காரர் பலரின் பெற்றோர் ஒன்றுவிட்ட உறவினராயிருப்பதைக் கண்டு, இது பரம்பரையாக வருவதே என்று எழுதினார். பழுதான ஜீன் 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் பழுதானால்தான் வியாதி. ஒன்று மட்டும் பழுதானவர் சுகமாகவே இருப்பார். தம்மிடம் பழுது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

தமிழ்நாட்டில் நரிக்குறவர் மக்களிடையே இவ்வியாதி மிகுதியாக இருப்பதையும், எல்லோரிடமும் ஒரே பழுது இருப்பதையும் 2014-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. சிறிய சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் செய்வதால், எப்போதோ ஒரு முன்னோரிடம் தோன்றிய பழுது பரவிவிட்டது. அது அவர்கள் செய்த குற்றமன்று.

இது நமக்கும் பாடம். மாமு மகள், குப்பி மகன் என்று நம் குடும்பங்களில் மணம் முடிப்பது வழக்கம். மார்க்கத்தில் அது ஆகுமானதே. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், சம்பந்தம் பேசுமுன் டாக்டரிடம் ஆலோசனை கேட்பது அறிவுடைமை. பெண்ணின் கண்ணில் கறையிருப்பதாகப் பழிசொல்லித் தட்டிக் கழிப்பதோ அநியாயம்.

மருந்தும் உண்டு. அமிலம் உண்டாவதையே வெகுவாகக் குறைக்கும் நிடிசினோனை 2020-இல் ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு அனுமதித்தார்கள். அம்மருந்து கருவிழியைப் பாதிக்கவும் கூடுமாதலால் டாக்டரின் கண்காணிப்பு அவசியம்.

ஆகவே, கண்ணில் புதிய நிறம் கண்டால் அஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கண் டாக்டரிடம் காட்டுங்கள். முதுகுவலியும் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே உண்மையைச் சொல்லிவிடும்.