கயிற்றை இழுக்கும் உரிமை

ஒரு தொழிற்சாலையில் தரம் குறைந்தால், ஊழியர்கள் சோம்பேறிகள் என்று பழி சுமத்துவது எளிது. அது எப்போதும் உண்மையாகுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அம்மாநிலத்தின் ஃபிரீமோண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை ஒன்று இயங்கிவந்தது. அங்குச் சம்பளம் குறைவில்லை. ஆயினும், ஊழியர்களுக்கு வேலையில் பற்று இல்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. உற்பத்தி வரிசையில் கார்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். தவறு கண்ணில் பட்டாலும் வரிசையை நிறுத்த ஊழியருக்கு உரிமை இல்லை. நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஓயாமல் மோதிக்கொண்டன. இறுதியில், 1982ஆம் ஆண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

ஈராண்டுகளுக்குப் பிறகு, ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் இணைந்து அதே தொழிற்சாலையை மீண்டும் திறந்தன. புதிய நிறுவனம் ‘நும்மி’ எனப்பட்டது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பழைய ஊழியர்களே. தொழிற்சங்கமும் அதுவே. மாறியது வேலை நடந்த முறைதான்.

ஊழியர்கள் சிறு சிறு குழுக்களாகப் பணியாற்றினர். நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். உற்பத்தி வரிசையின் மேலே ஒரு கயிறு கட்டப்பட்டது. குறையைக் காணும் எவரும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வந்து உதவுவார். குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். கயிற்றை இழுத்தவரை யாரும் கடிந்துகொள்வதில்லை. 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோதும் நிர்வாகம் ஊழியர்களை நீக்கவில்லை. மாறாக, அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளித்தது.

விளைவு என்ன? வேலைக்கு வராதோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அங்கு உருவான கார்களின் தரம், ஜப்பானில் தயாரானவற்றின் தரத்தை நெருங்கியது. சோம்பேறிகள் எனப்பட்டவர்களின் கைகளே இதைச் சாதித்தன.

இதற்கான காரணத்தை உளவியலாளர் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின் துணைகொண்டு அறியலாம். சம்பளமும் பணிச்சூழலும் மோசமாக இருந்தால் ஊழியர் மனம் வெறுப்படையும். அவற்றைச் சீர்செய்தால் வெறுப்பு நீங்கும். ஆனால், அதனால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. சாதித்த உணர்வு, பிறர் தரும் அங்கீகாரம், பொறுப்பு ஆகியவையே உண்மையான மனநிறைவைத் தருகின்றன என்பது அவர் கருத்து. ஆகவே, நியாயமான சம்பளம் அடித்தளம் போன்றது. அடித்தளம் இன்றி வீடு நிற்காது. அடித்தளம் மட்டுமே வீடாகவும் ஆகாது.

ஒரு செயலை முடிக்கத் தக்கவர் இவர் என ஆராய்ந்து தெளிந்தபின், அதை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஃபிரீமோண்ட் தொழிற்சாலையில் தொங்கிய அந்தக் கயிறு சொன்னதும் இதையே: “உன்னை நம்புகிறோம்.” பள்ளியில் குழுத் தலைவராக இருப்பவரும் நாளை பலருக்கு மேலாளராகப் போகிறவரும் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது.