வியாதியஸ்தருக்கு ஒரு தோட்டப் பாடம்



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று, கோவிலுக்கு வர இயலாத வியாதியஸ்தருக்குத் தேவநற்கருணை கொண்டுபோவது நம் பங்கின் வழக்கம். சென்ற முறை அப்படிப் போனபோது ஒரு தாயார் சொன்ன வார்த்தையே இந்த வாரத்துப் பாடத்துக்குக் காரணம். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் பூட்ஸின் மேல்பாகம் தைத்தவர் அவர். எத்தனையோ பேர் காலுக்குத் தைத்தவருடைய காலிலே இப்போது உணர்ச்சி இல்லை. சர்க்கரை வியாதி. கொல்லையில் வெறுங்காலோடு நடந்து, முள் தைத்தது தெரியாமலே இரண்டு நாள் இருந்து, அது சீழ் வைத்து, கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நன்மை வாங்கிச் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் சொன்னார்: "சாமி, கால்தான் மரத்துப்போச்சுன்னு நெனைச்சேன். இப்ப செபமும் மரத்துப்போச்சு. செபமாலை உருட்டுறேன், வாய் அசையுது, உள்ளே ஒண்ணும் தெரியலை. ஆண்டவர் என்னை விட்டுட்டாரா?"

குருமடத்தில் படித்த ஆறுதல் வார்த்தைகள் நாலைந்தை மளமளவென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கே வெட்கமாயிருந்தது. அவர் கேட்டது ஆறுதலை அல்ல, ஒரு விடையை. அந்த விடையை இப்போது தேடிப் பார்ப்போம். உங்களில் எத்தனையோ பேருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஆஸ்துமாவும் மூட்டுவாதமும் உண்டு. இவை வந்து போகிற காய்ச்சல் அல்ல. வீட்டில் ஓர் ஆள் போலக் கூடவே குடியிருக்கிற வியாதிகள்.

நமக்கு வெகு தூரத்தில் இல்லாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். பாலாற்றுக்கு அக்கரையில், காட்பாடிக்கு அப்பால், கரிகிரி என்ற ஊரில் 1955-ம் வருஷம் குஷ்டரோகிகளுக்கென்று ஒரு பெரிய மருத்துவமனை ஏற்பட்டது. குஷ்டரோகிகளுக்கு நல்ல நிலத்தை யார் கொடுப்பார்கள்? சரளைக் கல்லும் வெயிலுமாய்க் கிடந்த பொட்டல் பூமிதான் கிடைத்தது. வேலூர் வெயிலைப்பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குஷ்டரோகிகளின் விரல்கள் வியாதியினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்டு (நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர்) தம் தோழர்களோடு இதைப் பொறுமையாய் ஆராய்ந்தார். வியாதி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் நோவு தெரிவதில்லை. நோவு தெரியாதவன் சூடான பாத்திரத்தைத் தூக்குகிறான், புண்பட்ட காலை ஊன்றி நடக்கிறான், இராத்திரியில் எலி கடித்தாலும் தூங்குகிறான். விரலைக் கெடுத்தவை இப்படிக் கவனியாமல் விட்ட காயங்களே என்று அவர்கள் கண்டார்கள். நோவு வேண்டாமென்று தினமும் மன்றாடுகிற நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சரி, போன உணர்ச்சியைத் திரும்பக் கொடுக்க முடிந்ததா? பெரும்பாலும் இல்லை. இன்று குஷ்டரோகக் கிருமியை ஒழிக்கக் கூட்டு மருந்து உண்டு. 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைச் சிபாரிசு செய்கிறது. கிருமி செத்த பிறகும் முற்றும் கெட்டுப்போன நரம்பு அப்படியேதான் இருக்கும். ஆகவே வியாதியஸ்தருக்கு வேறொரு காரியம் கற்பிக்கப்பட்டது. கை சொல்லாததைக் கண்ணால் கேட்டுக்கொள்! மண்வெட்டியைப் பிடித்து வேலை செய்தாயா? மாலையில் உள்ளங்கையைத் திருப்பிப் பார். கொப்புளம் உண்டா, சிவந்திருக்கிறதா? பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரலிடுக்கெல்லாம் பார். இன்றைக்குப் பார்த்தால் போதாது. நாளைக்கும் பார், சாகிறவரைக்கும் பார்.

அந்தப் பொட்டலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கரிகிரியில் பணி செய்த டாக்டர் எர்னஸ்டு பிரிட்சி, ரோகிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்துவதில் பேர்பெற்றவர். கைகளைப் போலவே அந்த நிலத்தையும் அவர் ஒரு வியாதியஸ்தனாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் நின்று ஊறும்படி சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போட்டார். வருஷா வருஷம் கன்றுகள் நட்டார். காலப்போக்கில் மரங்கள் எழும்பின, பறவைகள் வந்தன, கிணற்று நீர்மட்டமும் உயர்ந்தது. இன்று அங்கே போகிறவன் தோப்புக்குள் நுழைகிறான். இந்த டாக்டர்கள் நம் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. இருந்தாலும் நல்ல சமாரியனின் உவமையை வாசிக்கிற நமக்கு அது ஒரு தடையாகக் கூடாது.

இனி, அந்தத் தாயாருடைய கேள்வி. மரத்துப்போன செபத்துக்கு என்ன செய்வது? இதற்கு நான் இன்னொரு தோட்டத்துக்கு உங்களை அழைத்துப் போகவேண்டும். பிரான்சு தேசத்தில், லிசியே நகரத்துக் கார்மேல் மடத்துத் தோட்டம். சிறுமலர் என்று நாம் அழைக்கும் அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாள் 1896-ம் வருஷம் பெரிய வியாழன் இராத்திரி முதன்முதலாக இரத்தம் கக்கினாள். க்ஷயரோகம். மறு வருஷம் ஜூன் மாதத்தில், தன் தகப்பனார் உபயோகித்த சக்கர நாற்காலியில், மரநிழலில் உட்கார்ந்து, சிரேஷ்ட தாயாரின் கட்டளைப்படி தன் சரித்திரத்தின் கடைசிப் பாகத்தை எழுதினாள். நாலு வரி எழுதுவதற்குள் ஒரு சகோதரி வருவாள். வைக்கோல் உலர்த்தப் போகிறவர்கள் நின்று பேசுவார்கள். (நோயாளியைப் பார்க்கப் போகிற நாமும் இதைக் கவனித்துக்கொள்வது நல்லது.) ஒருநாள் அதே தோட்டத்தில் ஒரு வெள்ளைக்கோழி தன் குஞ்சுகளைச் சிறகில் மூடியிருந்ததைக் கண்டு, ஆண்டவர் தன்னை அப்படிக் காத்ததை நினைத்து அவள் கண்ணீர் விட்டாள்.

படத்தில் ரோசாப்பூக்களோடு சிரிக்கிற சிறுமலரைத்தான் நமக்குத் தெரியும். அந்தப் பதினெட்டு மாதமும் அவள் ஆத்துமம் இருட்டிலே இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற சோதனை அவளைப் பிடித்து உலுக்கியது. சாவதற்கு ஒரு மாதத்துக்கு முன், தோட்டத்து மரங்களுக்குப் பக்கத்தில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத ஓர் இருண்ட இடத்தைக் காட்டி, தன் ஆத்துமமும் சரீரமும் அதுபோன்ற இருட்டுக்குள் இருப்பதாகவும், ஆனாலும் அதற்குள்ளே தனக்குச் சமாதானம் உண்டென்றும் சொன்னாள். அவள் செய்தது என்ன? விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி மார்போடு வைத்துக்கொண்டாள். வாழ்நாள் முழுவதும் செய்யாத அளவு விசுவாச முயற்சிகளை அந்த ஒரே வருஷத்தில் செய்ததாகத் தானே எழுதியிருக்கிறாள். 1897 செப்டம்பர் 30-ந் தேதி, இருபத்துநான்காம் வயதில் மரித்தாள்.

அம்மா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதுவே. உணர்ச்சி போனதினாலே கால் உங்களுடையதல்லாமல் போகவில்லை. செபத்தில் ருசி போனதினாலே ஆண்டவரும் போய்விடவில்லை. கரிகிரியில் காலைக் கண்ணால் காப்பதுபோல, செபத்தையும் இப்போது செய்கையால் காக்கவேண்டும். உருட்டுகிற மணியை உருட்டுங்கள். வாய் அசைகிறதா? அசையட்டும்.

தோட்டம் இதற்கு உதவுகிறது. எப்படியென்றால், அது தினமும் பார்க்கப் பழக்குகிறது. பெரிய நிலம் வேண்டாம். கட்டிலிலிருந்து எட்டுகிற திண்ணையில் இரண்டு தொட்டி போதும். உடைந்த பக்கெட்டானாலும் அடியில் துவாரம் போட்டால் சரி. வெந்தயத்தைத் தூவினால் மூன்று நாலு நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கீரை பறிக்கலாம். கனகாம்பரம் வைத்தால் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. முற்றிக் காய்ந்த காய்மேல் தண்ணீர் பட்டதும் அது 'பட்'டென்று வெடித்து விதையைச் சிதறும். பேரப்பிள்ளைகள் அதற்காகவே உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். வியாதிக்காரனுக்குப் பெரிய துக்கம் எதுவென்று நினைக்கிறீர்கள்? நோவைவிட, எல்லாரிடமும் வாங்கிக்கொண்டே இருக்கவேண்டியிருப்பதுதான். மருந்து வாங்க ஓர் ஆள், தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். செடி ஒன்றுதான் அவனிடத்தில் வாங்கிக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதியுள்ளவர்கள் வெறுங்காலோடு மண்ணில் இறங்கக்கூடாது. குஷ்டரோகிகளுக்கென்று பயன்பட்டுவந்த எம்.சி.ஆர். மெத்தைச் செருப்பை இப்போது உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரருக்கும் டாக்டர்கள் சொல்லுகிறார்கள். பலர் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் பரணில் வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போடும் முன் செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இரவில் படுக்குமுன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர் முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சாயங்கால செபத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஆத்தும சோதனையும் பாத சோதனையும் ஒரே வேளையில் ஆகட்டும்!

உயிர்த்த ஞாயிறன்று மரிய மதலேனாள் கல்லறைக்கருகில் அழுதுகொண்டு நின்றாள். எதிரே நின்றவர் ஆண்டவரே என்று அவளுக்குத் தெரியவில்லை; தோட்டக்காரன் என்று எண்ணினாள். அந்தத் தவறுக்காக சேசுநாதர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

நேற்று மறுபடி அந்தத் தாயார் வீட்டுக்குப் போயிருந்தேன். செபத்தில் மாற்றம் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திண்ணையில் செருப்புக் காலோடு உட்கார்ந்து ஒரு பழைய தகரடப்பாவில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். "சாமி, மாட்டு எரு கொஞ்சம் யார்கிட்ட கிடைக்கும்?" என்றார்.

யாரிடமாவது மக்கிய எரு இருந்தால் உபதேசியாரிடம் சொல்லுங்கள். நம் கோவில் தோட்டத்துக் கனகாம்பரத்தில் விதை முற்றியிருக்கிறது. வேண்டிய வியாதியஸ்தர்கள் பேர் கொடுத்தால் வருகிற முதல் வெள்ளியன்று நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.