ஆழ்கடலுக்காக வாதாடிய தீவுத் தூதர்

ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில் வல்லரசுக்கும் ஒரு வாக்குதான். வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும் தீவுக்கும் ஒரு வாக்குதான். படையும் பணமும் இல்லாத அத்தீவின் தூதர் என்னதான் செய்ய இயலும்? மால்டா நாட்டின் ஆர்விட் பார்டோ அவர்களின் வாழ்வு இதற்கு விடை தருகிறது.

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாவின் பரப்பு சுமார் 316 சதுர கிலோமீட்டர். 1964-இல் அது விடுதலை பெற்றதும் பார்டோ அதன் முதல் ஐ.நா. பிரதிநிதியானார். அதற்கு முன் ஐ.நா. செயலகத்திலேயே பணியாற்றியவர் ஆதலால் அச்சபையின் நடைமுறைகள் அவருக்கு நன்கு தெரியும். ஊருக்கொரு தூதரை அமர்த்தச் சிறு நாட்டால் முடியாது. ஆகவே வாஷிங்டனுக்கும் அவரே தூதர், மாஸ்கோவுக்கும் அவரே தூதர்! பனிப்போர்க் காலத்தில் இது எத்துணைச் சங்கடமான வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

1967 ஆகஸ்டில், கடலடித் தரையை விவாதப் பொருளாகச் சேர்க்குமாறு மால்டா கேட்டது. நவம்பர் 1 அன்று பேரவையின் முதற்குழுவில் பார்டோ காலை அமர்வில் பேசினார், பிற்பகலிலும் தொடர்ந்தார். வேதியியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தது அப்பேச்சில் வந்த மாங்கனீசு உருண்டைகள். உருளைக்கிழங்கு போல் கடலடியில் கிடக்கும் இவற்றில் நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியவையும் உண்டு. பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் அளவே இவை வளர்கின்றன.

தொழில்நுட்பம் உள்ள நாடுகள் கடலடியைப் பங்கு போட்டுக்கொள்ளும், போர்த் தளமாகவும் ஆக்கிவிடும் என்று அவர் எச்சரித்தார். எந்நாட்டு எல்லைக்கும் உட்படாத கடலடி மனித குலத்தின் பொதுச் சொத்தாக வேண்டும், அதன் பயன் முதலில் ஏழை நாடுகளுக்குச் சேர வேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊர் மேய்ச்சல் புறம்போக்கை முதலில் வேலி போட்டவர் தமதாக்கிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இவ்வாதத்தை விளக்கத் தேவையில்லை.

1970-இல் பேரவை இக்கொள்கையைப் பிரகடனமாக ஏற்றது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. 1971-இல் மால்டாவில் ஆட்சி மாறியபின் பார்டோ ஐ.நா. பதவியை இழந்தார். எனினும் 1982-இல் உருவான கடற்சட்ட உடன்படிக்கையின் 136-ஆம் விதியில் அவர் கொள்கை இடம் பெற்றது. உடன்படிக்கை 1994-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதே உடன்படிக்கை கரையிலிருந்து 200 கடல்மைல் வரையுள்ள வளங்களைக் கரையோர நாடுகளுக்கே அளித்துவிட்டதால், பொதுவில் எஞ்சியது குறைவு என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1999-இல் அவர் மறைந்தார்.

கடலடிச் செல்வம் விரைவில் கைக்கு வரும் என்ற அவரது கணக்கு மிகையானது என்பதே என் கருத்து. அரை நூற்றாண்டு கடந்தும் அங்கு வணிகச் சுரங்கம் எழவில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள பன்னாட்டுக் கடலடி ஆணையத்தில் இப்போது தீவுத் தூதர்களே இரு பக்கமாக நிற்கிறார்கள். சுரங்க விதிகளை ஈராண்டுக்குள் முடிக்குமாறு 2021-இல் நெருக்கியது நவ்ரு. சுரங்கத்தையே நிறுத்தி வைக்க 2022-இல் அணி திரட்டியது பலாவ்.