மடிக்கணினிச் செயலிகள்: முன்னறிவிப்பும் வெப்பக் கணக்கும்

மடிக்கணினி வாங்கும் பொறுப்பு இன்று பள்ளித் தலைமையாசிரியருக்கும் களப்பணி அலுவலகத்தின் பொறுப்பாளருக்கும் வந்து சேர்ந்துள்ளது. வாங்கும் சமயத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "அடுத்த ஆண்டு வரவிருக்கும் செயலி இதைவிட ஒன்றரை மடங்கு வேகமுடையதாம், ஏன் பொறுத்திருக்கக் கூடாது?" என்பதே அது. ஒரு தொகுதி வாங்கினால் ஐந்தாறு ஆண்டுகளுக்கு அதனைக் கொண்டே பணியாற்ற வேண்டியிருப்பதால், இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. இத்தகைய முன்னறிவிப்புகள் எதனை அடிப்படையாகக் கொண்டவை, அவை எங்கே பொய்த்தன, புதிய செயலியைப் பற்றிய செய்தி வரும்போது எதனை விசாரித்தறிய வேண்டும் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

துடிப்பை நம்பிய கணக்கு

பிராசஸர் எனப்படும் செயலி, ஒரு சீரான மின் துடிப்புக்கு இசைந்து இயங்குவது. வினாடிக்கு நூறு கோடி துடிப்புகள் ஒரு கிகாஹெர்ட்ஸ் எனப்படும். ஒரு துடிப்பில் எத்தனைக் கட்டளைகள் முடிகின்றன என்பதையும் வினாடிக்கு எத்தனைத் துடிப்புகள் என்பதையும் பெருக்கி வருவதே செயலியின் வேகமாகும். இவ்விரண்டில் துடிப்பின் எண்ணிக்கையைப் பெட்டியின்மீது அச்சிடுவது எளிது. ஆகவே மக்கள் அதனையே வேகமெனக் கொண்டனர்.

2000ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 என்னும் செயலியை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டளையையும் 20 சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிச் செல்வது அதன் அமைப்பு. கட்டம் சிறிதாயின் அதனை முடிக்க வேண்டிய நேரமும் சிறிது. எனவே துடிப்பை விரைவுபடுத்தலாம். தொடக்கத்தில் 1.5 கிகாஹெர்ட்ஸில் இருந்த இவ்வமைப்பு நாளடைவில் 10 கிகாஹெர்ட்ஸை எட்டும் என்று அந்நிறுவனமே எதிர்பார்த்தது. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் என்னும் வடிவத்தில் கட்டங்கள் 31 ஆக உயர்ந்தன.

நடந்தது வேறு. நிரலின் போக்கில் ஒரு கிளை பிரியும் இடத்தில், எந்தக் கிளையில் செல்வது என்பதைச் செயலி முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு ஓடுகின்றது. ஊகம் தவறினால், பாதி முடிந்த வேலையனைத்தையும் எறிந்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். கட்டங்களின் சங்கிலி எவ்வளவு நீளமோ நஷ்டமும் அவ்வளவு பெரிது. அதனினும் பெரிய இடையூறு வெப்பம். பிரெஸ்காட் தனக்கு முந்தைய வடிவத்தைவிட அதிகச் சூடேறியது. ஒரே துடிப்பில் ஒப்பிட்டால் பல வேலைகளில் அதனினும் விரைவாக இருக்கவில்லை. 2004 மே மாதத்தில் அடுத்த வடிவமாகிய தேஜாஸ் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் செயலியும் கைவிடப்பட்டது. பென்டியம் 4 கண்ட உச்சம் 3.8 கிகாஹெர்ட்ஸே.

அனுபவமிக்க பொறியாளர்களின் கணக்கு ஏன் இவ்வளவு தவறியது? 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஒரு விதியை எடுத்துக்காட்டினர். டிரான்ஸிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே வீதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் தோன்றும் வெப்பம் மாறாதிருக்கும் என்பதே அது. முப்பது ஆண்டுகள் தொழில் இவ்விதியின் நிழலில் வளர்ந்தது. ஆனால் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு வோல்ட்டை நெருங்கியதும், மூடியிருக்க வேண்டிய டிரான்ஸிஸ்டர்களின் வழியாகவும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இடமில்லாமற் போயிற்று. டிரான்ஸிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்தன, வெப்பமோ குறையவில்லை.

கார்டன் மூர் 1965இல் கூறி 1975இல் திருத்திய கணிப்பும் இங்கு நினைவுகூரத்தக்கது. சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்பதே திருத்திய வடிவம். அது எண்ணிக்கையைப் பற்றியதேயன்றி வேகத்தைப் பற்றியதன்று. வேகமும் தானே உயரும் என்னும் நம்பிக்கை டென்னார்டின் விதியால் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இன்றும் பாடநூல்களில்கூடக் காணப்படும் பிழையாகும்.

இதே காலத்தில் இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரிலுள்ள இன்டெல் பொறியாளர்கள் மடிக்கணினிக்கென்றே பென்டியம் எம் என்னும் செயலியை அமைத்தனர். 2003 மார்ச்சில் அது வெளிவந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸ் துடிப்பும் 24.5 வாட் வெப்ப வரம்பும் உடைய அது, தன்னைவிட மிக அதிகத் துடிப்புடைய பென்டியம் 4உடன் பெரும்பாலான வேலைகளில் சமமாக நின்றது. ஒரு துடிப்பில் முடியும் வேலையை அது பெருக்கியிருந்ததே காரணம். 2006இல் மேசைக்கணினிக்கும் வந்த கோர் 2 டுவோ இந்த வழியில் தோன்றியதே. சிறு பெட்டிக்காகச் செய்த சிக்கனம் பெரிய பெட்டியையும் காப்பாற்றியது எனலாம்.

மூன்று முறை பெருக்கும் விதி

செயலி உட்கொள்ளும் மின்திறன், துடிப்பையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய அளவைப் பொறுத்தது. துடிப்பை உயர்த்த வேண்டுமாயின் மின்னழுத்தத்தையும் உயர்த்த நேரிடுவதால், வெப்பம் ஏறத்தாழ துடிப்பின் கன அளவில் ஏறுகின்றது. வகுப்பில் கரும்பலகையில் போட்டுக்காட்டத்தக்க கணக்கு இது. இரண்டையும் நூற்றுக்கு 20 குறைத்தால், 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகின்றது. மிச்சமான பாதியில் அதேபோன்ற இன்னொரு கோரை, அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் இன்னொரு தனிப் பகுதியை வைத்தால், பழைய மின்திறனிலேயே 1.6 மடங்கு வேலை கிடைக்கும். ஒரே சில்லில் பல கோர்கள் வந்ததன் காரணம் இதுவே.

ஆயின் வேலையைப் பங்கிட முடிந்தால்தான் இப்பயன் கிட்டும். ஒன்றை முடித்தபின்பே மற்றொன்றைத் தொடங்கவேண்டிய வேலைக்கு 16 கோர்கள் இருந்தாலும் ஒன்றே உழைக்கும்.

கிணறும் ஊற்றும்

கிணற்றுப் பாசனம் அறிந்த களப்பணியாளருக்கு மடிக்கணினியின் இயல்பை விளக்குவது எளிது. 5 குதிரைத்திறன் மோட்டாரை இயக்கியவுடன் நீர் பீறிட்டு வருகின்றது. தேங்கிய நீர் தீர்ந்தபின், ஊற்றுச் சுரக்கும் அளவே கிடைக்கும். மோட்டாரின் திறன் அப்போது உதவாது. மடிக்கணினியிலும் செம்புத் தகடு குளிர்ந்திருக்கும் சிறிது நேரம் செயலி முழு வீச்சில் ஓடும். தகடு சூடேறியபின், விசிறியும் உறையும் வெளியேற்றக்கூடிய வெப்பமே அதன் வேகத்தை நிர்ணயிக்கின்றது. 2022இல் வந்த இன்டெல் கோர் ஐ7-1255யு என்னும் செயலிக்கு அடிப்படை மின்திறன் 15 வாட். குறுகிய நேர உச்சம் 55 வாட். விளம்பரங்களில் காணும் துடிப்பு பெரும்பாலும் இவ்வுச்சத்திற்குரியது.

நம் நாட்டின் கோடையில் இக்கணக்கு மேலும் இறுகுகின்றது. வெப்பம் வெளியேறும் வீதம், செயலிக்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள உஷ்ணநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. செயலி 100 டிகிரி சென்டிகிரேடு வரை தாங்குமெனக் கொள்வோம். குளிரூட்டிய 25 டிகிரி அறையில் வேறுபாடு 75 டிகிரி. மே மாதத்து வகுப்பறையில் 40 டிகிரி இருந்தால் வேறுபாடு 60 டிகிரியே. வெளியேறும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றது. மேற்கூறிய கன விதியால் வேகத்தில் நேரும் குறைவு நூற்றுக்கு 7 அளவில் நின்றுவிடக்கூடும் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் கைபடும் இடத்தின் சூட்டுக்கும் வரம்புண்டு. உறை 45 டிகிரியைத் தாண்டக்கூடாதென்று வைத்தால், 20 டிகிரியாக இருந்த வேறுபாடு 5 டிகிரியாகச் சுருங்கிவிடும். விசிறியில்லாத மெல்லிய வகைகள் கோடையில் தடுமாறுவது இதனாலேயே.

இன்றைய அறிவிப்புகள்

2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் எம்1 வந்தபோது பலர் வியந்தனர். அதன் துடிப்பு 3.2 கிகாஹெர்ட்ஸ் அளவே. ஒரு துடிப்பில் மிகுதியான கட்டளைகளை ஏற்கும் அகன்ற அமைப்பும், செயலியின் உறைக்குள்ளேயே அமைந்த நினைவகமும் அதன் பலம். செய்தியைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதற்கும் மின்சாரம் செலவாகின்றது என்பதை இங்கு நினைவிற் கொள்க. இன்டெலும் 2024இல் வெளியிட்ட லூனார் லேக் செயலியில் நினைவகத்தை உறைக்குள் வைத்தது. இனி எல்லாச் செயலிகளும் இவ்வாறே அமையும் என்று ஊகித்தோர் உண்டு. அவ்வாண்டே அந்நிறுவனம் இதனைத் தொடரப்போவதில்லை என்று கூறிவிட்டது. அடுத்த பான்தர் லேக்கில் நினைவகம் மீண்டும் வெளியே சென்றது.

பான்தர் லேக்கைப் பற்றி 2025 அக்டோபரில் விவரங்கள் வெளியானபோது, முன்னைத் தலைமுறையைவிட நூற்றுக்கு 50க்கும் மேல் கூடுதல் வேகம் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு பொய்யன்று. எனினும் அதில் 16 கோர்கள் வரை உண்டு. லூனார் லேக்கில் இருந்தவை 8. பங்கிடத்தக்க வேலைக்கே அந்த எண் பொருந்தும். மாணவர் வருகைப் பட்டியலைத் திறப்பவருக்கும், நில அளவைக் குறிப்பைத் தட்டச்சிடுபவருக்கும் அதில் பெரும்பகுதி கைக்கு எட்டாது.

2024 மே மாதம் முதல் இன்னொரு எண்ணும் பேசப்படுகின்றது. செயற்கை நுண்ணறிவுக்கென அமைந்த தனிப் பகுதி வினாடிக்கு 40 லட்சம் கோடி செயல்களேனும் செய்ய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு வகை மடிக்கணினிகளுக்கு நிபந்தனை விதித்தது. இவ்வெண் சிறிய எண்களைப் பெருக்கிக் கூட்டும் செயல்களைக் குறிப்பது. அப்பகுதியைப் பயன்படுத்தும்படி எழுதப்படாத நிரல்களுக்கு அதனால் வேகம் சிறிதும் கூடாது. "3 நானோமீட்டர்" போன்ற பெயர்களும் இவ்வாறே. அவை தலைமுறையின் பெயர்களேயன்றி, சில்லில் அளந்தறியும் நீளங்கள் அல்ல.

ஆகவே வரப்போகும் செயலியைப் பற்றிய எண்ணைக் கண்டால், எத்தனை வாட்டில், எவ்வளவு நேரம் தொடர்ந்து, எத்தனைக் கோர்களைக் கொண்டு, எதனோடு ஒப்பிட்டு என்று வினவ வேண்டும். விடை கிடைக்காத எண்ணுக்காகக் கொள்முதலை ஒத்திப்போடுவது சரியன்று. நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாத மாதிரிகள் பெருகிவருவதால், செயலியில் ஒரு படி இறங்கி நினைவகத்தில் ஒரு படி ஏறுவது பெரும்பாலும் நன்று.

பள்ளியிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. மாதிரியாக வந்த மடிக்கணினியில் ஒரு சிறு ஒளிப்படத் துண்டை வேறு வடிவத்திற்கு மாற்றும் வேலையை 20 நிமிடம் திரும்பத் திரும்பச் செய்வித்து, ஒவ்வொரு முறையும் ஆன வினாடிகளை மாணவர்களைக் கொண்டு குறிக்கச் செய்யலாம். காலையில் ஒரு முறையும், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும், மின் இணைப்பை எடுத்துவிட்டு மின்கலத்தில் ஒரு முறையும் நடத்துக. அறையின் உஷ்ணநிலையையும் உடன் எழுதுக. இரு மாதிரிகளை ஒப்பிடும்போது, முதல் நிமிடத்தின் எண்ணை விடுத்து, இருபதாம் நிமிடத்தின் எண்ணையே பதிவேட்டில் முதற்பத்தியில் எழுதுவது தகும்.